அடுத்தது மட்டும்

ஒரு நாளைக்கு 4 நிமிடம் 19 விநாடி. அடையாறில் வேலை பார்த்த காலத்தில் நான் எழுதிய நிரல் ஒன்று இவ்வளவு நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. மருந்துகளை அடுக்கிவைக்கும் குளிர் அறை ஒன்றில் 10 விநாடிக்கு ஒரு முறை வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ளும் சிறிய பெட்டி அது. அளந்து, எழுதி முடிக்க அதற்கு 30 மில்லி விநாடி ஆகும். வேலை முடிந்ததும் ‘இப்போதிலிருந்து 10 விநாடி கழித்து என்னை எழுப்பு’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றும் 10.03 விநாடி. ஒரு நாளைக்கு 8,640 அளவுகள். அவற்றை எடுத்து முடிக்க ஒரு நாளும், அதற்கு மேல் 4 நிமிடம் 19 விநாடியும் ஆயின.

அளவின் வரிசை எண்ணைப் பத்தால் பெருக்கி நேரம் போட்டுக்கொள்கிற பெட்டி என்பதால் இந்தப் பின்தங்கல் யார் கண்ணுக்கும் படவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு மதியம் 2 மணிக்கு மின்சாரம் போனது. அறை சூடேறியது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் 12 மணி அடிப்பதற்கு முன்பே சூடு ஏறியிருந்ததாக எழுதியிருந்தது. அந்த அறையில் எந்த மருந்தை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொட்டிவிட வேண்டும் என்று முடிவெடுக்கவிருந்தவர்கள் அந்தப் பட்டியலைத்தான் நம்பியிருந்தார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிழை ஒரே வரியில் இருந்தது. அடுத்த முறையைக் கணக்கிடும்போது ‘இப்போது’ என்பதோடு பத்தைக் கூட்டியிருந்தேன். ‘எழுந்திருக்க வேண்டிய நேரம்’ என்பதோடு கூட்டியிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நேரங்கள். காலை 9 மணிக்கு எழ வேண்டியவன் 9.01க்கு எழுந்தால் அந்த ஒரு நிமிடம் அன்றைய தாமதம், அதோடு தீர்ந்தது. ஆனால் 9.01ஐயே புதிய 9 மணியாக வைத்துக்கொண்டு மறுநாளைக் கணக்கிடுகிறவனுக்கு மறுநாள் 9.02 ஆகும். இரண்டு மாதத்தில் பத்து மணி ஆகிவிடும். ஒவ்வொரு நாளும் அவன் ஒரு நிமிடம்தான் தாமதித்திருப்பான். எந்த ஒரு நாளிலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வரியைத் திருத்திய பிறகும் விஷயம் என்னை விடவில்லை. ‘10 விநாடிக்கு ஒரு முறை’ என்று மனிதர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். சி மொழியில் அதைச் சொல்ல வார்த்தையே இல்லை. அந்த மொழிக்குக் காலம் தெரியாது. கூட்டத் தெரியும், ஒப்பிடத் தெரியும், ஒரு ஃபங்ஷனின் முகவரியை வைத்துக்கொண்டு தேவைப்படும்போது அதை அழைக்கத் தெரியும். இவற்றைக் கொண்டு ‘ஒவ்வொரு முறையும்’ என்பதை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும்.

கட்டுவது எப்படி என்று சொல்கிறேன். ஒரு ஸ்ட்ரக்ட். அதில் நான்கு தகவல்கள்: எப்போது, எத்தனை இடைவெளியில், எந்த ஃபங்ஷனை, யாருடைய தரவோடு. இப்படிப் பல ஸ்ட்ரக்ட்கள், ‘எப்போது’ என்பதன்படி வரிசையாக நிற்கின்றன. நிரலின் மையச் சுற்று வரிசையில் முதலில் நிற்பதை மட்டும் பார்க்கிறது. நேரம் வரவில்லையா, வரும்வரை தூங்குகிறது. வந்துவிட்டதா, அதை வரிசையிலிருந்து எடுத்து அதன் ஃபங்ஷனை அழைக்கிறது. கால்பேக் என்று சொல்வது இதைத்தான்: ‘நேரம் வந்ததும் என்னைக் கூப்பிடு’ என்று முகவரி கொடுத்துவிட்டுப் போன ஒருவர். வேலை முடிந்ததும், இடைவெளியைக் கூட்டி, புதிய நேரத்தோடு அவரை வரிசையில் அவருக்குரிய இடத்தில் திரும்ப நிறுத்துகிறோம்.

எத்தனையோ ஆண்டுகள் இதை எழுதியிருக்கிறேன். ஒரு சிறிய உண்மை மட்டும் அந்த மருந்து அறைக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வரிசையில் ‘தினமும்’ என்பது எங்குமே கிடையாது. ‘எப்போதும்’ கிடையாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரே ஓர் இடம், அதன் அடுத்த முறை மட்டும். பத்து விநாடிக்கு ஒரு முறை பத்தாண்டுகள் ஓடும் டைமரும் ஒரே ஒரு முறை ஓடி முடியும் டைமரும் வரிசையில் நிற்கும்போது ஒன்றுபோலவே இருக்கும். முந்தையது தன் வேலை முடிந்து போகும்போது தன் பெயரைத் திரும்ப எழுதிவிட்டுப் போகிறது. ஒரு முறை எழுத மறந்தால் அதோடு நின்றது. பிழைச் செய்தி எதுவும் வராது.

வன்பொருளிலும் இதே நிலைதான். கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு வடிவமைத்த ‘சக்தி’ செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்கிற திறந்த கட்டமைப்பின்படி ஆனவை. அந்தக் கட்டமைப்பில் நேரத்துக்கென்று இரண்டு 64 பிட் ரிஜிஸ்டர்கள் உண்டு. ஒன்று ‘எம்டைம்’, சீராக ஏறிக்கொண்டே இருக்கும் எண். மற்றது ‘எம்டைம்கம்ப்’; அதில் நாம் ஓர் எண்ணை எழுதிவைக்கிறோம். முதல் எண் இரண்டாவதை எட்டியதும் செயலிக்கு ஓர் இண்டரப்ட் வரும். ஒரு செயலிக் கருவுக்கு ஒரே ஒரு அலாரம். நமக்கு வேண்டியதோ நூறு அலாரங்கள்: வெப்பநிலை 10 விநாடிக்கு, விளக்கு அரை விநாடிக்கு, பதிவை அனுப்புவது ஒரு மணிக்கு. ஆகவே நூற்றில் மிக அருகில் இருப்பதை மட்டும் அந்த ஒற்றை அலாரத்தில் எழுதுகிறோம். அது அடித்ததும் அடுத்ததை எழுதுகிறோம். க்யூ என்பது ஒரு கடிகாரத்தை நூறு பேர் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு.

இதில் என்னை வியக்கவைத்த நுணுக்கம் ஒன்று உண்டு. 32 பிட் செயலி அந்த 64 பிட் எண்ணை இரண்டு பாதியாகத்தான் எழுத முடியும். ஒரு பாதி புதிது, மறுபாதி பழையது என்று நிற்கும் அந்தக் கண நேரத்தில் மொத்த எண் ‘கடந்துபோன நேரம்’ ஆகிவிடலாம். உடனே பொய்யான இண்டரப்ட் ஒன்று வந்துவிடும். அதனால் முதலில் கீழ்ப் பாதியை அதன் உச்ச எண்ணால் நிரப்பிவிட்டு, பிறகு மேல் பாதியை எழுதி, கடைசியாகக் கீழ்ப் பாதியின் சரியான எண்ணை எழுத வேண்டும் என்கிறது அந்தக் கட்டமைப்பின் ஆவணம். ஒரு நேரத்தைக் குறித்துவைக்கிற சின்னக் காரியத்துக்கு இவ்வளவு நிதானம் தேவைப்படுகிறது.

வரிசையை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இதற்கான பட்டியலில் 20 இடங்கள்தாம் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் முழு நேரத்தை எழுதிவைக்கவில்லை. தனக்கு முன்னால் இருப்பதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்பதை மட்டும் எழுதினார்கள். மயிலாப்பூரில் ஒரு மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் ‘அந்த நீலச் சட்டைக்காரருக்கு அடுத்தது நான்’ என்பார். அதே முறைதான். ஒவ்வொரு துடிப்புக்கும் கடிகாரம் வரிசையின் முதல் எண்ணில் மட்டும் ஒன்றைக் குறைத்தால் போதும். பின்னால் இருப்பவர்கள் அனைவருக்கும் தானாகவே நேரம் நெருங்கிவரும். நடுவில் ஒருவரைச் சேர்க்கும்போது அவருக்கு அடுத்து நிற்பவரின் எண்ணை மட்டும் திருத்தினால் போதும். பிறகு ஆயிரக்கணக்கான டைமர்கள் தேவைப்பட்ட காலத்தில் ஹீப் மரங்கள் வந்தன. 1987இல் ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் டைமிங் வீல் என்கிற முறையை முன்வைத்தார்கள்: விநாடிக்கு ஒரு சக்கரம், நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. சக்கரத்துக்குள் சக்கரம். இதைப் பற்றிப் பின்னால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் தி. நகர் பேருந்து நிலையம். அங்கே டைம் கீப்பரின் ஜன்னல் ஒன்று உண்டு. பேருந்து வந்து நின்றதும் நடத்துநர் இறங்கிப் போய் நேரம் போட்டுக்கொண்டு வருவார். உஸ்மான் சாலையின் நெரிசலில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் தாமதமாக வந்த ஒரு வண்டியின் ஓட்டுநர் ஒருநாள் அந்த ஜன்னல் முன் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “போன நடைய விடுப்பா. அஞ்சே காலுக்கு எடு.”

பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அது ஒரு பாடமாகப் பட்டது. அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தவறிய நடைகள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே ஓட்டச் சொல்லலாம். ஒரே தடத்தில் மூன்று பேருந்துகள் ஒட்டிக்கொண்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதுபோல ஆகும். நாற்பது நிமிடத் தாமதத்தை அப்படியே வைத்துக்கொண்டு அன்று முழுக்க எல்லா நடைகளையும் நாற்பது நிமிடம் தள்ளிவிடலாம். அது நான் குளிர் அறைப் பெட்டியில் செய்த காரியம். தவறியதை விட்டுவிட்டு, அட்டவணையில் இனி வருகிற முதல் நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். ஐந்தேகால் என்பது வண்டி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து பிறந்தது அல்ல. காலையிலேயே அட்டவணையில் இருந்தது.

மூன்றில் எது சரி என்று நிரலாளர்கள் பொதுவாகக் கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு மறுநாள் திறக்கிறோம்; இடையில் தவறிய டைமர்கள் நூறு. செடிக்குத் தண்ணீர் விடும் கருவி நூறு முறை விட்டால் செடி அழுகும், ஒரு முறை விட்டால் போதும். மின்சார மீட்டரின் கணக்கில் நூறும் வேண்டும். வெப்பநிலையிலோ, தவறிய அளவு தவறியதுதான். இப்போது அளந்து அன்றைய நேரத்தைப் போட்டால் அது பொய். க்யூவுக்கு இது தெரியாது. யாருக்காக அந்த வேலை நடக்கிறதோ அவருக்குத்தான் தெரியும். அந்த முடிவை நிரலின் அடியில் எங்கோ மறைத்துவைக்காமல், நிகழ்வைப் பதியும் இடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் அம்மா தினசரி காலண்டரைக் கிழிப்பதற்கு முன்பே அடுத்த பிரதோஷம் என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்திருப்பார். கபாலி கோயிலுக்குப் போவதென்றால் அன்றைய சமையலை மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். பிரதோஷமும் மீண்டும் மீண்டும் வருகிற நிகழ்வுதான். வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று. ஆனால் இடைவெளி நிலையானது அல்ல. ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம், சந்திரனின் வேகத்தைப் பொறுத்து. ஆகவே ‘இத்தனை விநாடிக்கு ஒரு முறை’ என்று எழுதும் க்யூவில் பிரதோஷத்தைப் பதிய முடியாது. கால்பேக் தன் வேலையை முடித்ததும் தானே அடுத்த நேரத்தைக் கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். இதை உணர்ந்த பிறகு என் ஸ்ட்ரக்டிலிருந்து ‘இடைவெளி’ என்கிற கட்டத்தையே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு நிகழ்வும் தன் அடுத்த நேரத்தைத் தானே சொல்லட்டும். பத்து விநாடிக்காரரும் சொல்லட்டும், பிரதோஷமும் சொல்லட்டும்.

அந்த அடுத்த நேரத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் கணக்கிட்ட விதம், எனக்குத் தெரிந்த நிரல்களில் மிக அழகானது. முதலில் அவர்கள் ஆண்டு, மாதம், தேதி எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டுக் கலியுகம் தொடங்கியதிலிருந்து கடந்துபோன நாட்களின் எண்ணிக்கையை எடுப்பார்கள். ஒரே எண். குறையாது, தாவாது, ஒவ்வொரு நாளும் ஒன்று ஏறும். யூனிக்ஸ் 1970 ஜனவரி 1லிருந்து விநாடிகளை எண்ணுவதும் இதே எண்ணத்தில்தான். பிறகு அந்தப் பெரிய எண்ணிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்துவிட்டு, எஞ்சியதை 12,372ஆல் வகுத்து, மீதியை 3,031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுப்பார்கள். மூன்றும் நாட்கள்தாம். பூமிக்கு மிக அருகில் வந்த சந்திரன் மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. அதன் 9 மடங்கு 248, 110 மடங்கு 3,031, 449 மடங்கு 12,372. கடைசியில் எஞ்சும் எண் 248க்குள் ஏதோ ஒன்று. அந்த எண்ணுக்குரிய வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். அதன் எழுத்துகளே அன்றைய சந்திரனின் இடத்தைச் சொல்லும். வகுத்த ஈவுகளுக்கு உரிய சிறு திருத்தங்களையும் கூட்டிக்கொள்வார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இப்படி வந்தது.

சக்கரத்துக்குள் சக்கரம் என்று சொன்னேனே, அது இதுதான். பெரிய சக்கரத்தின் மீதி நடுச் சக்கரத்துக்கு, அதன் மீதி சிறு சக்கரத்துக்கு. 248க்கு அவர்கள் வைத்த பெயர் ‘தேவர’. எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. பெயரையே மதிப்பாக வைத்தவர்கள். சி நிரலில் ஒரு மாறிலிக்குப் பெயர் தேடி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றெழுத்து நினைவுக்கு வரும்.

சென்னை வானாய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் இப்படிப்பட்ட ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பிக்கொண்டு, புத்தகம் எதையும் பார்க்காமல், மனதிலிருந்த அட்டவணைகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபாவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சோழிக் கணக்கை எடுத்துப் பேசுகிறார். தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக வந்த நிரல் ஒன்று, சோழிகளை நினைவகமாகக் கொண்டு, இத்தனை அருகில் வந்து நின்றது. 52 நிமிடப் பிழையைவிட அந்த 4 நிமிடம்தான் என்னைப் பேச்சற்றவனாக்குகிறது.

ஆனாலும் பிழை பிழைதான். அது சேரவும் செய்யும். மாறிலிகளை ஒரு முறை குறித்துவிட்டு வானத்தைத் திரும்பப் பார்க்காவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும் துளி அடுத்த சுற்றின் தொடக்கமாகிவிடும். என் 30 மில்லி விநாடியைப் போல. இதைச் சென்னையிலிருந்தே உரக்கச் சொன்னவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சனிடம் முதல் உதவியாளராக இருந்தவர்; 1867இல் ஆர் ரெட்டிகுலி என்கிற மாறும் விண்மீனைக் கண்டவர். கண்ணால் காண்பதோடு பொருந்தும் கணிதமே பஞ்சாங்கத்துக்கு அடிப்படையாக வேண்டும் என்று அவர் திருக்கணிதத்துக்காக வாதாடினார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை விளக்கி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். வேலை நேரத்தில் தொலைநோக்கியில் கண் வைத்திருந்த மனிதர், வீட்டுத் திண்ணையில் பஞ்சாங்கக்காரர்களோடு விவாதித்திருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். இன்றும் வழக்கு தீரவில்லை. 2023இல் சனிப் பெயர்ச்சி திருக்கணிதத்தில் ஜனவரி 17. வாக்கியத்தில் டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கூட்டம் கூடியது டிசம்பரில்தான். வாக்கியத்தை ஏற்பவர்களை நான் குறைசொல்லவில்லை. எல்லாரும் ஒரே அட்டவணையில் நிற்பதற்கு என்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் மருந்து அறைக்குப் பொறுப்பேற்றவன் ரகுநாதாசாரியின் பக்கம்தான் நிற்க முடியும்.

அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், வானிலை மையத்தின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1792இல் நாட்டியது. முதல் தொலைநோக்கியைத் தாங்கிய தூண். அங்கே அளந்த நேரம் தந்தி வழியாக நாள்தோறும் ரயில் நிலையங்களுக்குப் போனது. மெட்ராஸ் நேரமே ரயில்வேயின் நேரமாக இருந்தது. கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வந்தபோது சென்னையின் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னால் தாவின. அன்று யாராவது சுவர்க் கடிகாரத்தை நம்பி அரை மணிக்கு ஒரு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், ஒரு வேளை மருந்து 21 நிமிடத்திலேயே நோயாளிக்குப் போயிருக்கும். டைமர்களைச் சுவர்க் கடிகாரத்தோடு கட்டக் கூடாது, பின்னோக்கிப் போகாத, தாவாத எண்ணிக்கையோடு கட்ட வேண்டும் என்று லினக்ஸ் உலகில் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். கலி நாள் எண்ணிக்கைக்கு 1906இல் எதுவும் ஆகவில்லை. இன்றைக்கும் லினக்ஸ் கணினிகளோடு வரும் நேர மண்டலத் தரவில், கொல்கத்தா என்கிற பதிவுக்குள்ளே, 1870 முதல் 1906 வரைக்கும் மெட்ராஸ் நேரம் ஒரு வரியாக இருக்கிறது. அதை முதன்முதலில் பார்த்தபோது ஊரிலிருந்து வந்த பழைய கடிதத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

எண்ணிக்கை என்றால் அது ஒருநாள் நிரம்பும். மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணினால் 49.7 நாட்களில் நிரம்பி மீண்டும் பூஜ்யமாகும். விண்டோஸ் 95 அந்த நாளில்தான் உறைந்து நின்றது. ‘இது அதைவிடப் பெரியதா’ என்று இரண்டு நேரங்களை நேரடியாக ஒப்பிட்டால், நிரம்பும் நேரத்தில் க்யூ தலைகீழாகும். நம் அறுபது ஆண்டுப் பெயர்களும் இப்படிச் சுற்றி வருகிறவைதாம். 1965இல் தொடங்கிய விசுவாவசு 2025இல் மீண்டும் வந்தது. ஆனாலும் பாட்டி ‘விசுவாவசு வருஷத்தில் பிறந்தவன்’ என்று பேரனையும் அவன் தாத்தாவையும் சொன்னால் வீட்டில் யாரும் குழம்புவதில்லை. அருகில் இருப்பது எது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். நிரலிலும் அதுவே வழி: இரண்டையும் கழித்து, வித்தியாசம் அரைச் சுற்றுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் தள்ளி எதையும் பதியாதவரை வரிசை கலையாது.

ஸ்ட்ரக்டின் நான்காவது கட்டத்தை இதுவரை தொடவில்லை: யாருடைய தரவோடு. சி மொழியில் அது ஒரு வாய்ட் பாயிண்டர். என்னவென்று தெரியாத ஒன்றின் முகவரி. க்யூ அதைத் திறந்து பார்க்காது. நேரம் வந்ததும் கால்பேக்கின் கையில் கொடுத்துவிடும். இடையில் அந்தத் தரவை யாராவது நினைவகத்திலிருந்து விடுவித்துவிட்டிருந்தால், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டும் நிலைமை. அதைவிட மோசம், வேறு யாரோ குடியேறிவிட்ட வீடு. நான் பார்த்த டைமர் பிழைகளில் மிகக் கொடியவை இங்கிருந்து வந்தவைதாம். பழைய நிகழ்வை ரத்து செய்யாமல் அதன் தரவை அழித்துவிடுவது. அல்லது கால்பேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தான் நின்றுகொண்டிருக்கும் ஸ்ட்ரக்டைத் தானே அழித்துவிடுவது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். கோயில் அவற்றை இடையர்களிடம் ஒப்படைக்கும். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் எண்ணிக்கை 96 ஆகவே இருக்க வேண்டும், குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டிவிட வேண்டும். தினமும் ஏற வேண்டிய விளக்கைப் பதிந்தவர்கள், அது சுட்டிக்காட்டும் தரவு விளக்குக்கு முன்னால் அழிந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். என் தொழிலில் இதற்கு ஆயுட்காலம் என்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்று சொற்களில் அவர்கள் சொன்னதைச் சொல்ல எங்களுக்கு மூன்று பக்க ஆவணம் ஆகிறது.

எல்லா இடத்திலும் அது காப்பாற்றப்பட்டதில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் நிலம் அடகுக்குப் போனதால் இறைவனுக்குப் படைக்கும் திருவமுது குறைந்துபோனதையும், ஒருவர் அந்த நிலத்தை மீட்டுப் படையலைத் திரும்பத் தொடங்கியதையும் அது சொல்கிறது. சென்னையின் நடுவில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல் இருக்கிறது. முதல் ஏற்பாட்டைச் செய்தவர்கள் எந்த நம்பிக்கையில் செய்தார்களோ, அதே நம்பிக்கையில் அவர் திரும்ப எழுதியிருக்கிறார். அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்த அன்று குளிர் அறைப் பெட்டியின் நிரலை மீண்டும் எடுத்தேன்.

அதில் இன்னொரு வரி எனக்கு நெருடலாகவே இருந்துவந்தது. கால்பேக் முடிந்த பிறகுதான் அடுத்த நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அளக்கும் வேலை நடுவில் எங்காவது சிக்கினால், வெப்பமானியிலிருந்து பதில் வராமல் பாதியிலேயே திரும்பிவிட்டால், அடுத்தது எழுதப்படாமலே போகும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கும் எரியும், அளவு மட்டும் நின்றிருக்கும். கேட்க வேண்டிய நேரத்தை ஃபங்ஷனிடம் முதலிலேயே கேட்டு, வரிசையில் அதை நிறுத்திவிட்டு, அதன் பிறகு வேலையைத் தொடங்கும்படி மாற்றினேன். இரண்டு வரிகள் இடம் மாறின. அன்று மாலை பத்து விநாடிக்கு ஒரு முறை திரையில் வந்து விழும் எண்களைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்: 4.1, 4.1, 4.2, 4.1. வெப்பமானியின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கினேன். ஒரு வெற்றிடம். கம்பியை மாட்டினேன். பத்தாவது விநாடியில், வர வேண்டிய இடத்தில், 4.1 வந்தது.